ஜேசிபி குழியா, போர்வெல் வண்டியா, கோர் டிரில்லிங்கா?

"நம்ம ஊர்ல எங்க தோண்டினாலும் பாறைதான், எதுக்கு சாயில் டெஸ்ட்?" கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இதைக் கேட்காத கட்டட வேலையே இல்லை. பாறை இருப்பது உண்மைதான். தட்டுப்பட்டது அடிப்பாறையா, மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் உருண்டைக் கல்லா என்பதுதான் விஷயம். இங்குள்ள கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற வரிப்பாறையும் விரிசல் வழியாக மக்கும்போது, நடுவில் மக்காத கல் அப்படியே தங்கிவிடும். ஒரு தூண் அந்தக் கல் மேல், அடுத்தது மண் மேல் என்று நின்றால் ஒரு பக்கம் மட்டும் இறங்கிச் சுவர் வெடிக்கும்.

தரைத்தள வீட்டுக்கு ஜேசிபி குழி போதும் என்பேன். செலவு குறைவு, மண் அடுக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே குழியோடு நிறுத்தாமல் மனையின் எதிரெதிர் மூலைகளில் தோண்டுங்கள். ஏரிக்குக் கீழே உள்ள களிமண் நிலத்தில் ஆகரும் (திருகுபோல் சுழன்று மண்ணைத் துளைக்கும் கருவி) சரிவரும்; கல் பட்டால் அதோடு நின்றுவிடும்.

போர்வெல் வண்டி வேகமானது. ஆனால் அது பாறையை நொறுக்கித் தூளாக ஊதித் தள்ளுகிறது. உருண்டைக் கல்லின் தூளும் அடிப்பாறையின் தூளும் பார்க்க ஒன்றுதான். தண்ணீருக்கு அதை அழையுங்கள், அஸ்திவாரத்துக்கு வேண்டாம்.

மாடிக் கட்டடம், ஓசூர் பக்கத்துத் தொழிற்கூடம் என்றால் கோர் டிரில்லிங்தான். மண் உள்ளவரை எஸ்பிடி என்ற மண் உறுதிச் சோதனை: 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 45 செ.மீ. இறங்குவதில் கடைசி 30 செ.மீ.க்குச் சுத்தியல் எத்தனை முறை அடித்தது என்று எண்ணுவார்கள். பாறை வந்ததும் வைர பிட் (வைரம் பதித்த துளைமுனை) அதை உருளை உருளையாக வெட்டி எடுக்கும்; அந்த உருளைதான் கோர். 1.5 மீட்டர் துளைத்ததில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகள் சேர்ந்து 1.2 மீட்டர் வந்தால் ஆர்க்யூடி (பாறையின் தர அளவு) 80 சதவீதம்; நல்ல பாறை.

கோர் துண்டுகளை அடுக்கிய பெட்டியை நீங்களே ஒருமுறை பாருங்கள். துண்டின் முனையில் துருநிறக் கறை இருந்தால் அது தண்ணீர் ஓடிய பழைய விரிசல். முறிவு பளிச்சென்று புதிதாக இருந்தால் பெரும்பாலும் துளைக்கும்போது உடைந்தது. அதைச் சேர்த்து ஒரே துண்டாகத்தான் கணக்கிட வேண்டும்.

அப்புறம், கொட்டேஷனிலேயே ஒன்றை எழுதி வாங்குங்கள்: சுத்தியல் இறங்காத இடத்தில் வேலையை நிறுத்தக் கூடாது, பாறைக்குள் குறைந்தது 3 மீட்டராவது கோர் எடுக்க வேண்டும். பக்கத்தில் பெரிய உருண்டைக் கற்கள் தெரிந்தால் அந்த 3 மீட்டருக்கும் கீழே போகச் சொல்லுங்கள்.