டொராண்டோவிலிருந்து நியூயார்க்: காரா, விமானமா?

2023 மே 12 முதல் அமெரிக்கா வெளிநாட்டுப் பயணிகளிடம் கோவிட் தடுப்பூசிச் சான்று கேட்பதில்லை; தரை எல்லையிலும் சரி, விமானத்திலும் சரி. கனடா 2022 அக்டோபர் 1-லேயே விட்டுவிட்டது. அப்புறம் என்ன, எதில் போவது?

நேரம்: காரில் எட்டு, ஒன்பது மணி நேரம். விமானத்தில் பறப்பது ஒன்றரை மணி நேரம்தான், காத்திருப்பு தனி.

சோதனை: விமானத்துக்கு டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்க எல்லைச் சோதனை முடிந்துவிடும். காரில் என்றால் எல்லையில் உள்ள பீஸ் பிரிட்ஜ் பாலத்தில். நீண்ட வார இறுதியில் பாலத்தின் மேலேயே வரிசை நிற்கும், கீழே நயாகரா ஆறு. சன்னலை இறக்கி பாஸ்போர்ட்டை நீட்டினால், "எங்கே, எத்தனை நாள்?" என்பார் அதிகாரி. பழம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செலவு: நான்கு பேருக்கு கார்தான் மலிவு.

பிள்ளைகளும் பெட்டிகளுமாகப் போனால் கார். தனியாக இரண்டு நாள் வேலை என்றால் விமானம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு எப்படிப் போனாலும் விசா வேண்டும்.