ஜார்ஜியாவா டெக்சாஸா? 2024 அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சீசன், மூணு வாரம் முடிஞ்ச நிலைமை

ரெண்டு யூனிவர்சிட்டி டீமும் மூணுக்கு மூணு ஜெயிச்சாச்சு, ஆனா ஜெயிச்ச விதம் வேற வேற. ஜார்ஜியா முதல் மேட்ச்ல கிளெம்சனை 34-3ன்னு நொறுக்கினப்போ இந்த வருஷ கப்பு இவங்களுக்குத்தான்னு நினைச்சேன், ஆனா லெக்சிங்டன்ல கென்டக்கிகிட்ட 13-12ன்னு தட்டுத்தடுமாறி தப்பிச்சதைப் பாத்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுடுச்சு. டிஃபென்ஸ குறையே சொல்ல முடியாது, மூணு மேட்ச்லயும் ஒரு டச் டவுன் (பந்தை எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி கொண்டு போறது) கூட விடல, கென்டக்கி எடுத்த 12 பாயின்ட்டும் நாலு ஃபீல்ட் கோல்ல (பந்தை கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்குற மூணு பாயின்ட்) வந்ததுதான். பிரச்சினை அஃபென்ஸ்தான் (பாயின்ட் எடுக்க ஆடுற பக்கம்), அதுலயும் முன்வரிசை லைன்ல ஆடுற ரேட்லெட்ஜ் வேற காயம் பட்டு வெளிய போயிட்டாரு.

டெக்சாஸ் கதையே வேற. போன வருஷ சாம்பியன் மிச்சிகனை அவங்க ஊர்லயே போய் 31-12ன்னு அடிச்சாங்க. அடுத்த வாரம் யூடிஎஸ்ஏ (சான் அன்டோனியோ ஊர் யூனிவர்சிட்டி டீம்) மேட்ச்ல, பந்தை வீசி ஆட்டத்தை நடத்துற நம்ம குவாட்டர்பேக் யூவர்ஸ் வயித்துப் பக்கம் தசை பிடிச்சு வெளிய போனதும் எனக்கு பகீர்னு ஆச்சு, ஆனா அவருக்கு பதிலா உள்ள வந்த ஆர்ச் மேனிங் (பழைய ஸ்டார் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கோட அண்ணன் பையன்) 67 யார்டு ஓடி டச் டவுன் போட்டாரு பாருங்க, நான் சீட்டை விட்டு எந்திரிச்சே கத்திட்டேன்! குவாட்டர்பேக் காயம்னாலே சீசன் முடிஞ்சுடும்னு பயப்படுற விளையாட்டுல இது எவ்ளோ பெரிய பலம்.

கோப்பைக்கான கடைசி நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப்ல இப்ப 12 டீம், அதனால ரெண்டு பேரும் உள்ள வந்துடுவாங்க. கோப்பைக்கு என் ஓட்டு டெக்சாஸுக்கு. அக்டோபர் 19 ஆஸ்டின்ல நேருக்கு நேர் மோதுறாங்க, அதுக்குள்ள யூவர்ஸ் குணமாகி வந்துடணும்.