ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நாள்: விளிம்பை விடச் சமவெளியே பெரிது

இலங்கை மலையகத்தின் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்தவர்களிடம் விசாரித்தால், உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து காட்சி தெரிந்ததா இல்லையா என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பனி விலகியிருந்தால் நல்ல பயணம், மூடியிருந்தால் வீண் பயணம் என்று ஒரு பாறை விளிம்பை வைத்தே முழு நாளுக்கும் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். கடந்த பெப்ரவரியில் அக்காவுடனும் அவருடைய 11 வயது மகளுடனும் அங்கே போய்வந்த எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அந்த விளிம்புக்குப் போகும் வழியும் திரும்பும் வழியுமே இந்தப் பூங்காவின் முழு மதிப்பு என்பது என் கருத்து.

ஆனாலும் உலக முடிவையும் பார்க்கவேண்டும் என்றால் விடியலுக்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்கா ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. மலைப்பாதை என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பிடிக்கும். நாங்கள் தங்கிய விடுதி ஏற்பாடு செய்திருந்த வான் அதிகாலை 4.45க்கு வருவதாகச் சொல்லி 5.30க்குத்தான் வந்து சேர்ந்தது. அந்த முக்கால் மணித்தியாலம் சிறிய விடயமல்ல. வெயில் ஏறியதும் கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடேறிப் பாறைச் சுவர் வழியே மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகத் திரண்டு விளிம்பை மூடிவிடுகிறது. 9 மணிக்குப் பிறகு அங்கு நிற்பவர்களுக்கு வெள்ளைத் திரை மட்டுமே கிடைப்பது இதனால்தான். வாகனம் பேசும்போது நேரத்தை இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்; முடிந்தால் முதல் நாள் இரவே சாரதியுடன் நேரில் பேசிவிடுங்கள். ஒஹியா புகையிரத நிலையத்தில் இறங்கி நடந்தே மேலேறுவோரும் உண்டு. அது அழகான வழிதான், ஆனால் காலைக் காட்சியை அதற்கு விலையாகக் கொடுக்கவேண்டி வரும்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். இங்கு கிடைத்த சேவைகளிலேயே என் மனதில் நின்றது இதுதான். பிஸ்கட் பொதிகளைப் பிரித்துக் கடதாசிப் பைக்கு மாற்றித் தந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்களைச் சுற்றியிருந்த பொலித்தீன் பட்டியைக்கூடக் கத்தியால் கீறி எடுத்தார்கள். பின்னால் நீண்ட வரிசை நின்றும், எங்கள் பையைப் பார்த்த இளைஞர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஏன் இதெல்லாம் என்று அக்காவின் மகள் கேட்டபோது, "காற்று கொண்டுபோனால் மரை தின்றுவிடும், தங்கச்சி" என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

மரையைக் காண நாங்கள் அதிக தூரம் போகவும் வேண்டியிருக்கவில்லை. இந்தியாவில் கடமான் என்று சொல்லப்படும் அதே விலங்கு, வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கழுத்து மயிரில் பனித்துளிகள் கோத்திருந்தன; மூச்சு விடும்போதெல்லாம் மூக்கின் முன் ஆவி எழுந்து கலைந்தது. அந்த நேரத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் வாகனத்திலிருந்து பாண் துண்டுகளை நீட்ட, அது தயக்கமில்லாமல் வந்து வாங்கித் தின்றது. அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. காட்டு விலங்கு மனிதர் கையை நம்பி வாகனங்களிடையே நிற்கப் பழகிவிட்டால், உணவோடு உறையையும் சேர்த்துத் தின்னப் பழகிவிடும். தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. விளிம்புகளை முதலிலும் நீர்வீழ்ச்சியைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே நல்லது, ஏனெனில் பனி வந்தாலும் நீர்வீழ்ச்சிக்குக் குறைவொன்றுமில்லை.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, பத்தனை என்று மலையகத்தில் சொல்லப்படும் புல்வெளிகள் அலையலையாக விரிந்து கிடக்கின்றன; அவற்றின் மடிப்புகளில் குட்டையான முகில்காடுகள் ஒதுங்கி நிற்கின்றன. காலை 7 மணிக்குப் புல்நுனிகளில் உறைபனி இன்னும் வெண்மையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் தொட்ட வரிசை மட்டும் கரைந்து பச்சையாகிக்கொண்டே வந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் ஒலியே மாறிவிடுகிறது. மழை பெய்யாமலே மரத்தடிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இலைகளும் பாசியும் கிளைகளில் தாடிபோலத் தொங்கும் மரப்பாசியும் பனியைப் பிடித்துத் துளித்துளியாக மண்ணுக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டுநிலத்திலிருந்து நீர் போகிறது என்று பாடசாலையில் படித்திருக்கிறேன். அது எப்படி நடக்கிறது என்பதை அந்தச் சொட்டுகளின் கீழ் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அங்கேதான், பாசி படர்ந்த ஒரு தண்டில், மூக்கின் நுனியில் வெண்ணிறக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்த ஓணான் ஒன்றை அக்காவின் மகள் கண்டுபிடித்தாள். இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான அந்த உயிர், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் ஒரு கண்ணை மட்டும் உருட்டியபடி அசையாமல் இருந்தது. எங்களைத் தாண்டி விரைந்த குழுக்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. எல்லோருக்கும் விளிம்பை எட்டும் அவசரம்.

சின்ன உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 270 மீற்றர். நாங்கள் போனபோது அது தெளிவாகத் தெரிந்தது. உலக முடிவை அடைந்தபோது மணி 8.50. நிலம் திடீரென முடிந்து, ஏறத்தாழ 870 மீற்றருக்குக் கீழே தேயிலைச் சரிவுகளும் சிறு கூரைகளும் தெரிந்தன. நான்கைந்து நிமிடம் பார்த்திருப்போம். பின்னர் கீழிருந்து முகில் எழுந்து வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது. "சித்தி, உலகம் உண்மையாகவே முடிஞ்சிட்டுது" என்றாள் சிறுமி. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த இடத்தில் அவர்கள் கையை ஒரு கணமும் விடக்கூடாது. படம் எடுப்பதற்காக விளிம்பை நோக்கிப் பின்வாங்கி நடப்பவர்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது.

பேக்கர் நீர்வீழ்ச்சியின் பெயர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடித் திரிந்த சாமுவேல் பேக்கரைக் குறிக்கிறது. பூங்காவின் பெயரே 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனுடையதுதான். பெருவெளி என்று பொருள்படும் மகா எலிய என்ற பழைய சிங்களப் பெயர் இந்த நிலத்துக்கு இன்னும் பொருத்தமானது என்று எனக்குப் படுகிறது. நீர்வீழ்ச்சி சுமார் 20 மீற்றர் உயரம்தான், ஆனால் அகலமாக, பல இழைகளாகப் பிரிந்து விழும் அதன் முன்னால் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கலாம். இறங்கும் வழி செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று பார்ப்பது நல்லது. நீரில் இறங்கவும் கூடாது.

நடைக்கு நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். எங்களைப்போல ஓணானுக்காக நிற்பவர்களுக்கு ஐந்தும் போதாது. பாதை சில இடங்களில் அகன்ற மண் வழி, சில இடங்களில் வேரும் கல்லும் களிமண்ணும். செருப்போடு வந்த பலர் சிரமப்பட்டதைக் கண்டோம், ஆகவே பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். விடியலில் கம்பளி வேண்டும், 10 மணிக்கு வெயில் சுடும், 11 மணிக்குத் தூறும். மூன்றுக்கும் ஆயத்தமாக உடுத்துங்கள். வழியில் உணவு கிடைக்காது. உள்நாட்டவர்க்கும் வெளிநாட்டவர்க்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு என்பதால், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப்போகிறவர்கள் அன்றைய கட்டணத்தை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது நண்பகல். சமவெளியின் மேல் முகில் தாழ்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. பாதையில் எங்களைத் தவிர யாருமில்லை. தூரத்துப் புல்மேட்டில் ஏழெட்டு மரைகள், மனிதர் கையை எதிர்பாராமல், தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. நாட்டின் இரண்டாவது உயரமான கிரிகல்பொத்த சிகரத்துக்கும் இதே பூங்காவிலிருந்துதான் பாதை போகிறது. 2,389 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு அடுத்த ஆண்டு ஏறுவதென்று அக்காவும் நானும் முடிவுசெய்துவிட்டோம்.