கில்மோர் சோலோக்களுக்காக வாங்கிய ஸ்ட்ராட்: வேலூர் வெயிலில் பல வருஷப் பழக்கம்

கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்னால் வாங்கிய ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி) வகை எலெக்ட்ரிக் கிட்டார் இது. ஆரம்ப விலை ரகம். மேப்பிள் மரத்தில் நெக் (கழுத்து), கம்பி அதிர்வை மின் ஒலியாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் மூன்று, சுருதியை ஆட்டும் ட்ரெமலோ பார். பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டுகளை வாசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக வாங்கியது, இன்றும் பெரும்பாலும் அதற்குத்தான் கையில் எடுக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலைக்குக் கிடைக்கும் எதை வாங்கினாலும் கீழே சொல்லும் பாடு கொஞ்சமாவது இருக்கும்.

சத்துவாச்சாரியில் நாங்கள் நாலைந்து பேர் கூடினால் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் வாசித்த சோலோக்களில் (தனி வாசிப்புகளில்) உச்சம் எது? காட்பாடி நண்பன் ‘டைம்’ கட்சி. 1973-ல் வந்த அந்தப் பாட்டில் ஃபஸ் பெடல் என்ற கால் விசையின் கரகரப்பும் அதன் பின்னாலேயே வரும் எதிரொலியும் சேரும் இடத்துக்கு மேல் எதுவுமே இல்லை என்பான். சர்ச்சில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் ‘டாக்ஸ்’ பக்கம். “பதினேழு நிமிஷப் பாட்டுப்பா, ஒரு நோட்டு வீணாப் போகல பாரு” என்பார். மற்றவர்களுக்கு ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ பாட்டின் கடைசி சோலோதான் வேதம். உலகம் முழுக்க அதற்குத்தான் ஓட்டு அதிகம்.

என் ஓட்டு அதே பாட்டின் முதல் சோலோவுக்கு. அரை நிமிஷம்தான் இருக்கும், பாதிப் பேர் அதைத் தாண்டிக் கடைசிக்கு ஓடிவிடுவார்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த காலத்தில் நானும் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன். வாசித்து வாசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். கடைசி சோலோ பி மைனர் என்ற சுர அமைப்பில். பென்டடானிக் (ஐந்து சுர வரிசை) பழகியவனுக்கு விரல் பாதி தூரம் தானாகவே போய்விடும். கில்மோரே பல டேக் வாசித்து, நல்ல பகுதிகளைப் பொறுக்கிக் கோர்த்ததுதான் அது. பிரமாதமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் முதல் சோலோ டி மேஜரில் தொடங்கி, நடுவில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சி, ஜி என்று திரும்பும்போது தானும் கூடவே திரும்ப வேண்டும். ஒளிய இடமே கிடையாது. கம்பியை இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தும் நோட்டு ஒரு இழை குறைந்தாலும் பாட்டு சப்பென்று விழுந்துவிடும். பாடகர் தொண்டையில் செய்வதை விரலில் செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கேதான் கிட்டாரின் குறை தெரிகிறது. வந்த புதிதில் மூன்றாவது கம்பியை ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், சுருதி இறங்கிவிடும். டியூனிங் கீயைத் திருகும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். நெக்கின் மேல் நுனியில் கம்பிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கி விடுபடுகிற சத்தம் அது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தேன், முக்கால்வாசி சரியானது. பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்ப்ரிங் இரண்டு கூடுதலாகப் போட்ட பிறகு ட்ரெமலோ பாரையும் நம்பி அழுத்த முடிகிறது. அப்புறம் கம்பி. கில்மோர் பெயரில் வரும் செட் 10-லிருந்து 48 வரை (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஆனால் இரண்டாவது 12, மூன்றாவது 16. வழக்கமான 13, 17 இல்லை. இழுக்கும் கம்பிகளை மட்டும் ஒரு படி மெலிதாக்கியிருக்கிறார். அதே அளவுக்கு மாறினேன், விரல் நுனிக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது.

வேலூர் வெயில் தனிக் கதை. சித்திரை, வைகாசியில் மரம் காய்ந்து சுருங்கி, ஃப்ரெட் கம்பிகளின் நுனி நெக் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். மெல்லிய அரத்தால் ஒருமுறை ராவி எடுத்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஐப்பசி மழையில் நெக் எதிர்ப்பக்கம் வளைந்து கம்பி உயர்ந்துவிடும். நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் திருகு, ஒரு ராத்திரி விட்டு மறுபடி பார்ப்பது, இதுதான் என் முறை. வியர்வைக்குக் கம்பி சீக்கிரம் கறுக்கிறது, வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட வேண்டும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடினால் சிங்கிள் காயிலில் ‘ர்ர்ர்’ என்று இரைச்சல் ஏறும். உட்காரும் திசையைக் கொஞ்சம் திருப்பினால் குறையும். என் அறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் நன்றாகவே அடங்குகிறது. ஃபஸ் பெடல் போட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.

கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் 2019-ல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. ஏலப் பணத்தைச் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் கிளையன்ட்எர்த் அமைப்புக்கே கொடுத்துவிட்டார். ‘அந்த கிட்டார் இருந்தால்தான் அந்த சத்தம்’ என்று எங்கள் கூட்டத்திலும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இழுப்பு சுருதியில் நின்றால் என் மலிவு கிட்டாரிலும் அந்த முதல் சோலோ அடையாளம் தெரிகிறது. நிற்காவிட்டால் எத்தனை பெடல் அடுக்கினாலும் தெரியாது.

ஒன்று மட்டும் இதில் வரவே வராது: ‘அனதர் பிரிக் இன் த வால்’ இரண்டாம் பகுதியின் சோலோ. அது கிப்சன் லெஸ் பால் என்ற வேறு வகை கிட்டாரில், பி-90 என்ற பிக்கப்பில் வாசித்தது. அந்தத் தடித்த குரல் ஸ்ட்ராட்டுக்குக் கிடையாது. உங்களுக்கு அதுதான் உச்சம் என்றால் இந்த வகையை வாங்காதீர்கள், பி-90 உள்ளதாகப் பாருங்கள். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். பெடலுக்கு எடுத்து வைத்த காசில் முதல் பங்கை நல்ல நட்டுக்கும் ஒழுங்கான செட்டப்புக்கும் கொடுத்துவிடுங்கள்.