'குட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று முயல் விற்பவர்கள்: சுங்கை சிப்புட் மக்கள் கவனத்துக்கு

சுங்கை சிப்புட், சாலாக் நோர்த் பக்கம் முயல் 'செட்' வாங்க முன்பணம் கட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

என் சித்தப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் 2,800 வெள்ளி கொடுத்து ஒரு செட் வாங்கினார். ஐந்து பெண், ஓர் ஆண், கூண்டு, தீவனம் எல்லாம் சேர்த்து. குட்டிகளைக் கிலோ கணக்கில் தாங்களே எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுத் தாளையும் காட்டினார். கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதற்குத்தான் அந்தத் தாள் சான்று, ஆள் யோக்கியன் என்பதற்கு இல்லை.

லோரி வந்ததே இருட்டும் நேரத்தில். இறக்கினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு முயல்கள் ஓயாமல் தலையை உதறிக்கொண்டும் காதைப் பிராண்டிக்கொண்டும் இருந்தன. காதை விரித்துப் பார்த்தேன். உள்ளே பழுப்பு நிறப் பொருக்கு, அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணியால் வரும் காதுச் சொறி அது, கூட இருக்கும் முயல்களுக்கும் தொற்றும். இன்னொன்றுக்கு முன்னங்கால்களின் உள்பக்க முடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முயல் மூக்குச் சளியை அந்தக் கால்களால்தான் துடைக்கும். அது பிழைக்கவில்லை.

கால்நடை டாக்டர் ஊசி போட வந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: ஆறில் மூன்று ஆண். குட்டியாக இருக்கும்போது ஆண் பெண் பிரிப்பது சிரமம் என்பது உண்மை. ஆனால் மூன்று மாதத்துக்குள் ஆணுக்கு விதை இறங்கிவிடும். ஆறு மாத முயல் என்று சொல்லி விற்றவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

கூண்டின் அடியில் போட்டிருந்தது மெல்லிய கோழிவலை. அதில் நின்றால் முயலுக்குப் பாதம் புண்ணாகும், பிறந்த குட்டியின் கால் வலை ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். ஓட்டை அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் உள்ள, பற்றவைத்த கம்பி வலைதான் போட வேண்டும். மேலே வெறும் தகரம் வேறு. 30 டிகிரி தாண்டினாலே முயல் திணற ஆரம்பித்துவிடும், நம் ஊர் மதிய வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

அப்படியும் சித்தப்பா விடவில்லை. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போட்டார், புல் அறுத்து வந்து காயவைத்துக் கொடுத்தார். குட்டிகள் தேறின. வியாபாரியைக் கூப்பிட்டால் முதலில் "எடை பத்தாது அண்ணே" என்றார். எடை ஏறியதும் விலை இறங்கிவிட்டது என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை. ரசீதைப் பார்த்தால் திரும்ப வாங்குவது பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கு வருமானம் முயல் இறைச்சியில் இல்லை, நம் தலையில் செட்டைக் கட்டுவதில்தான்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். விற்று வியாபாரம் செய்வதற்காக வாங்கும் பொருளை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எந்த எடைக்கு, கிலோ என்ன விலைக்கு, எந்த மாதம் வரை எடுப்பார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். முயலைப் பகலில், ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காது, மூக்கு, முன்னங்கால், பாதம் பார்த்து வாங்குங்கள்.

சித்தப்பா போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்கிறார். இதே மாதிரி செட் வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்சாப் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நீங்களும் ரிப்போர்ட் செய்யுங்கள்.