மார்கோஸ் பயிற்சி முடித்தவருக்கு நினைவு பேட்ச்: நூல் எம்பிராய்டரியா, பிவிசியா?

1987-இல் உருவான இந்தியக் கடற்படையின் மார்கோஸ் கமாண்டோ பிரிவில் பயிற்சியை முழுசாக முடிப்பவர்கள் வெகு சிலர். அப்படி முடித்த பிள்ளை ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளிக்கோ மண்டபத்துக்கோ விடுப்பில் வந்தால், ஊர் சார்பில் நினைவு பேட்ச், அதாவது துணியிலோ பையிலோ பதிக்கும் சின்னம், கொடுப்பது நல்ல மரியாதை. சீருடைச் சின்னத்தை மட்டும் நகலெடுக்க வேண்டாம். அது அவர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்றது.

ரப்பர் போல வளையும் பிவிசி பிளாஸ்டிக் பேட்ச் நம் உப்புக்காற்றுக்குத் தோது. நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

எம்பிராய்டரியில் விரல் வைத்தாலே நூலின் மேடு தெரியும். பாலியஸ்டர் நூலாகக் கேளுங்கள், ரேயான் சீக்கிரம் வெளுக்கும். ஓரத்தில் தடித்த தையல் இருந்தால் பிரியாது. பொடி எழுத்து நூலில் அடைத்துக்கொள்ளும், பயிற்சி முடித்த ஆண்டு மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

தோள்பையில் பதிக்க பிவிசி சரி. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்ட, நூல்தான் என் தேர்வு.