‘பிராடக்ட் இன்டர்ன்’ என்று கூப்பிட்டு டெபாசிட் கேட்கிறார்கள்: சென்னை எம்பிஏ மாணவர்கள் கவனத்துக்கு

சென்னையில் எம்பிஏ முதலாண்டு படிக்கிறீர்களா? கோடைக்கு பிராடக்ட் மேனேஜ்மென்ட் இன்டர்ன்ஷிப் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்ன கையோடு யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். டெபாசிட், பயிற்சிக் கட்டணம், மென்பொருள் உரிமம் என்று அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரி. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனம் என்னிடமும் என்னோடு சேர்ந்த மாணவர்களிடமும் தலைக்கு 12,000 ரூபாய் வாங்கியது. கோடை முழுக்க எங்களிடம் வேலை வாங்கியது. கடைசியில் சான்றிதழையும் பிடித்து வைத்துக்கொண்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை அவர்கள் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆளைப் பிடிக்கும் முறை மாறாது. அதனால் அந்த முறையை விவரமாக எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு பேர் ஆசைப்படுகிறார்கள் என்பது இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். 1996இல் தொடங்கிய ஜோஹோ, 2010இல் தொடங்கி 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று மென்பொருளைத் தாங்களே உருவாக்கி உலகுக்கு விற்கும் நிறுவனங்கள் இந்த ஊரிலிருந்து வளர்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் எதைக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது, எதை முதலில் கட்டுவது என்று முடிவு செய்பவர்தான் பிராடக்ட் மேனேஜர். ஆனால் கல்லூரி வளாகத்துக்கு வரும் நிறுவனங்களில் விற்பனைக்கும் நிதிக்கும் ஆள் எடுப்பவைதான் அதிகம். பிராடக்ட் பிரிவுக்கு ஒன்றிரண்டு இடம் வந்தால் பெரிது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே தாமாகத் தேடுகிறார்கள். மார்ச் மாதம் முடியப்போகிறது, வகுப்பில் பாதிப் பேருக்கு இடம் உறுதியாகிவிட்டது, இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் மதிப்பெண் என்று கல்லூரி சொல்கிறது. அந்த நெருக்கடியான வாரங்களில்தான் இவர்களுடைய விளம்பரம் கண்ணில் படுகிறது.

நேர்முகம் தொலைபேசியில் நடந்தது. எங்கள் செயலியைப் பிரித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும் என்பது போன்ற உத்தேசக் கணக்கு எதுவும் கொடுக்கவில்லை. பிராடக்ட் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதில் ஏதாவது ஒன்றையாவது கேட்காமல் விடுவது அரிது, ஏனென்றால் எதிரில் இருப்பவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிய வேண்டும். இங்கே கேட்டதெல்லாம் எப்போது சேர முடியும், தமிழில் நன்றாகப் பேசுவீர்களா, இந்த இரண்டுதான். மறுநாள் கடிதம் வந்தது: மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை, எட்டு வாரம், ‘பிராடக்ட் மேனேஜ்மென்ட் இன்டர்ன்’ என்ற பதவி. அடுத்த அழைப்பில்தான் பணப் பேச்சு வந்தது.

“இது டெபாசிட்தான் அம்மா. சிலர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அதற்காகத்தான். கடைசி நாளில் அப்படியே உங்கள் கைக்கு வந்துவிடும்” என்றார் மேலாளர்.

நடவுக்கு வந்தவளிடம் வரப்பில் நிற்க வாடகை கேட்பது போன்ற பேச்சு இது. ஆனால் இரண்டு நாளில் பணம் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். அப்பாவிடம் வாங்கி அனுப்பினேன். யுபிஐயில் எண்ணைப் போட்டதும் திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி நபரின் பெயர். கணக்காளர் என்றார்கள். ரசீது கேட்டுக் கேட்டு வாங்கியபோது அதில் ‘டெபாசிட்’ என்ற சொல்லே இல்லை. ‘பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று இருந்தது. வாயால் சொன்னது ஒன்று, தாளில் எழுதியது வேறு. கேட்டதற்கு, கணினியில் அந்தப் படிவம்தான் இருக்கிறது, வரி கணக்குக்காக அப்படி வருகிறது என்று ஒரு சமாதானம்.

அலுவலகம் கந்தன்சாவடியில், ஓர் அச்சகத்துக்கு மேல்மாடி. பள்ளி மாணவர்களுக்கான டியூஷன் செயலி அவர்களுடையது. முதல் வாரம் எங்களுக்குச் சில ஸ்லைடுகளைக் காட்டினார்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் 1931இல் நீல் மெக்கெல்ராய் எழுதிய குறிப்பிலிருந்துதான் இந்தத் தொழிலே பிறந்தது என்று தொடங்கிய அந்த ஸ்லைடுகளை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்கலாம். அதுதான் 12,000 ரூபாய்க்கான பயிற்சி.

இரண்டாவது வாரம் ஆளுக்கு ஓர் எக்செல் கோப்பு அனுப்பினார்கள். ஒவ்வொரு வரியிலும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பெயர், பள்ளி, பெற்றோரின் கைபேசி எண். பக்கத்தில் ‘எடுத்தார்’, ‘எடுக்கவில்லை’, ‘யோசிக்கிறார்’ என்று நிரப்ப மூன்று கட்டங்கள். பயனர்களைப் புரிந்துகொள்ளும் ஆய்வு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் கையில் கொடுத்த பேச்சுத்தாளின் கடைசி வரி, “இன்றே சேர்ந்தால் ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி உண்டு”. ஆய்வு செய்பவர் எதையும் விற்க மாட்டார். விற்கத் தொடங்கிய நொடியிலிருந்து எதிரில் இருப்பவர் மனத்தில் உள்ளதைச் சொல்ல மாட்டார். இதை முதல் பருவத்திலேயே எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அழைத்தவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி, “என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” எங்களிடம் பதில் இல்லை. மேலாளரிடம் கேட்டபோது அவரும் சொல்லவில்லை. தாம்பரத்திலிருந்து பேசிய ஓர் அம்மா, “உன்னைத் திட்டி என்ன பயன், நீயும் யார் வீட்டுப் பிள்ளையோ” என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்கு மேல் அன்று யாரையும் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எங்களை அழைக்கச் சொன்னது எங்கள் சொந்த சிம்மிலிருந்து. பதிவு செய்யாமல் தனிப்பட்ட பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளின்படி தவறு. அழைக்கப்பட்டவர் 1909க்குப் புகார் செய்தால் நடவடிக்கை அந்த எண்ணின் மீதுதான் வரும், இணைப்பே துண்டிக்கப்படலாம். நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது. வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்கும் எண்ணை இழப்பது மாணவர்தான்.

இவ்வளவுக்கும் நடுவே நான் உண்மையான வேலை ஒன்றைச் செய்தேன், அதைப் பற்றி எழுதாமல் விட மாட்டேன். செயலியைப் பதிவிறக்கியவர்களில் பெரும்பாலோர் பதிவுப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்று புள்ளிவிவரத்தில் தெரிந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. நான் வேளச்சேரியில் தெரிந்த சில வீடுகளுக்குப் போய், எதையும் விற்காமல், பிள்ளைகள் செயலியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை செயலியைத் திறப்பது அம்மாவின் கைபேசியில். பள்ளியில் கொடுத்திருப்பது அப்பாவின் எண், அதனால் பழக்கத்தில் அதையே போடுகிறது. ஓடிபி அப்பாவுக்குப் போகிறது. அப்பா அம்பத்தூரில் ஷிஃப்டில் இருக்கிறார். அவருக்கு அழைத்து எண்ணைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பிள்ளை செயலியை மூடிவிட்டு யூடியூபுக்குப் போய்விடுகிறது. முதல் பாடத்தை ஓடிபி இல்லாமலே காட்டுங்கள், எண்ணைப் பிறகு கேளுங்கள், கேட்கும்போது ‘இந்தக் கைபேசியின் எண்’ என்று கேளுங்கள் என்று தேவை ஆவணம் எழுதிக் கொடுத்தேன். திரைகளையும் வரைந்து கொடுத்தேன். ஜூன் மாதப் புதுப்பிப்பில் அது அப்படியே வந்தது, நான் எழுதிய வாக்கியத்தோடு.

அதே வாரத்தில்தான் சான்றிதழ் கேட்டேன். “உங்கள் டார்கெட் முடியவில்லையே” என்றார் மேலாளர். ஆளுக்கு 20 ஆண்டுச் சந்தா விற்றால்தான் சான்றிதழாம், டெபாசிட்டும் அதற்குப் பிறகுதானாம். சேர்ப்புக் கடிதத்தில் எங்கும் இப்படி ஒரு வரி இல்லை. உதவித்தொகையில் ஒரு மாதத்தது மட்டும் வந்தது, அதிலும் ‘செயல்திறன் கழிவு’ போக 6,000 ரூபாய். என்னோடு இருந்த ஒருவன் சான்றிதழுக்காகச் சொந்தக்காரர்கள் தலையில் சந்தாவைக் கட்டினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு தாளை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

என்னைக் காப்பாற்றியது எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் தொடக்கத்திலேயே சொல்லி வைத்த ஒரு பழக்கம். வாரக் கடைசியில் செய்த வேலையைச் சுருக்கி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அவருக்கும் ஒரு நகல் போக வேண்டும். ஓடிபி பற்றிய ஆய்வும் அப்படித்தான் தேதியோடு பதிவாகியிருந்தது. அந்த மின்னஞ்சல்களையும் அறிக்கையையும் வைத்துத் துறை எனக்கு மதிப்பெண் கொடுத்தது. உங்கள் கல்லூரியில் இந்த வழக்கம் இல்லாவிட்டாலும் நீங்களாகவே செய்யுங்கள்.

சேருவதற்கு முன்பே பார்க்கக்கூடியவையும் உண்டு. கம்பெனிச் சட்டப்படி நிறுவனத்தின் கடிதத்தாளில் சிஐஎன் என்ற 21 எழுத்து, எண் கொண்ட அடையாளம் இருக்க வேண்டும். அதில் மாநிலத்தைக் குறிக்கும் டிஎன் போன்ற இரண்டு எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கம், நிறுவனம் பதிவான ஆண்டு. இவர்களுடைய கடிதத்தாளில் ‘2016 முதல் கல்விப் பணியில்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் இருந்த சிஐஎன்னில் 2023. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு முகவரி, நிறுவனத்தின் நிலை எல்லாம் கட்டணமில்லாமல் பார்க்கலாம். தனி ஒருவர் நடத்தும் கடைகளுக்கும் பங்குதாரர்கள் கூட்டாக நடத்தும் நிறுவனங்களுக்கும் சிஐஎன் இருக்காது, ஆனால் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டுக்கொண்டு சிஐஎன் இல்லை என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களில் ‘பிஎம் இன்டர்ன்ஷிப்’ என்று சுற்றும் செய்திகளிலும் கவனம் வேண்டும். ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வேறு, நாம் தேடும் பிஎம், அதாவது பிராடக்ட் மேனேஜ்மென்ட், வேறு. தொடங்கியபோது இருந்த விதிகளின்படி முழுநேரம் படிப்பவர்களும் எம்பிஏ முடித்தவர்களும் அதில் சேர முடியாது, அதற்கு விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. அந்தப் பெயரைக் காட்டி எம்பிஏ மாணவரிடம் பதிவுக் கட்டணம் கேட்பவர் நிச்சயம் ஏமாற்றுக்காரர்.

உண்மையான இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கும் என்று என் அறைத் தோழியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தாள். முதலில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் உட்கார வைத்துப் புகார்களைப் படிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரே ஒரு பிரச்சினையைக் கொடுத்தார்கள், தரவைப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள், பொறியாளர்களின் கூட்டத்தில் வாரந்தோறும் இடம் கொடுத்தார்கள். அவளிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. நேர்முகத்திலேயே ‘எனக்கு வழிகாட்டி யார், அவர் பிராடக்ட் பிரிவில் இருக்கிறாரா, நான் எடுக்கப்போகும் பிரச்சினை எது’ என்று அவள் கேட்டிருக்கிறாள். பதிலும் பெயரோடு வந்திருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் பிராடக்ட் மேனேஜர் என்று ஒருவர்கூட இல்லை.

பணம் போய்விட்டது என்றால் என்ன செய்வது? ஆள் மறைந்துவிட்ட மோசடி என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த அதுதான் வழி. எங்கள் விஷயத்தில் நிறுவனம் அங்கேயே, அதே மாடியில், அடுத்த குழு மாணவர்களோடு இயங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் நாங்கள் நுகர்வோர் வழியில் போனோம். ரசீதில் அவர்களே ‘பயிற்சிக் கட்டணம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? பணம் வாங்கிக்கொண்டு தருவதாகச் சொன்ன பயிற்சி ஒரு சேவை, அந்தச் சேவையை அவர்கள் தரவில்லை என்பதுதான் எங்கள் வாதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: புகாரைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணம் தருகிறோம், பதிவு எதுவும் எழுதக்கூடாது. மறுத்துவிட்டோம்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்கு மனுக் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். ஒரே விதமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு கொடுக்கவும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கந்தன்சாவடியில் டியூஷன் செயலி, 12,000 ரூபாய், 20 சந்தா என்று படித்ததும் எந்த இடம் என்று உங்களுக்குப் புரிந்திருந்தால், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், ரசீது, சேர்ப்புக் கடிதம் மூன்றையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு அனுப்பிய எக்செல் கோப்பை மட்டும் யாருக்கும் பகிர வேண்டாம், அதில் இருப்பவை பிள்ளைகளின் விவரங்கள்.